முழங்காலுக்கு 'கரண்ட்' வைக்கலாமா?

"பத்து நாளா தினமும் ஸ்கேன் பண்றாங்க டாக்டர். ரிப்போர்ட் மட்டும் தரவே மாட்டேங்கறாங்க!"

ரிடையரான டீச்சர் அம்மா ஒருவர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே என்னிடம் இப்படிப் புகார் சொன்னார். வயது 62. இரண்டு முழங்காலிலும் மூன்று வருஷமாக வலி. கையில் எக்ஸ்ரே கவர்.

"அங்கே என்னம்மா பண்றாங்க, விவரமா சொல்லுங்க" என்றேன்.

"குளுகுளுன்னு ஒரு பசையைத் தடவி, சின்ன உருளை மாதிரி ஒண்ணை வச்சு முட்டியைச் சுத்திச் சுத்தித் தேய்க்கறாங்க. புள்ளைத்தாய்ச்சிக்கு வயித்துல பண்ணுவாங்களே, அச்சு அசல் அதே மாதிரி! பேரைக் கேட்டா அல்ட்ராசவுண்டுன்னுதான் சொல்றாங்க. அப்போ ஸ்கேன்தானே?"

சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை. அதே பெயர், அதே பசை, அதே தேய்ப்பு. 'இது பரிசோதனை இல்லை, சிகிச்சை' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நாள் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டார். வேறு சிலர் இதையே 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்கள். "முட்டிக்குப் பத்து நாள் கரண்ட் வச்சேன், ஒண்ணும் கேக்கலை" என்று வருகிறவர்கள் ஏராளம்.

'சித்த வைத்தியருக்கு மெஷின் விவகாரம் எதற்கு?' என்று சிலருக்குத் தோன்றலாம். மூட்டுவலிக்காரர்கள் எங்களிடமும் வருகிறார்கள், பிசியோதெரபிக்கும் போகிறார்கள். பாதிப் பேர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கும் போகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நான் இங்கே தைலம் எழுதிக் கொடுத்தால் எப்படி? தவிர, சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32 உண்டு. ஒற்றடம், பற்று, வேது, தொக்கணம் எல்லாம் அதில் அடக்கம். கல்லூரியில் இவற்றைப் படித்துவிட்டு வந்தவனுக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சையைப் பார்த்ததும் தோன்றியது ஒன்றுதான்: இதுவும் ஓர் ஒற்றடம். சத்தத்தால் கொடுக்கிற ஒற்றடம்!

காதுக்குக் கேட்காத சத்தம்

நம் காது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். இந்த மெஷினிலிருந்து வருவது வினாடிக்கு 10 லட்சம் அல்லது 30 லட்சம் அதிர்வு. உருளை மாதிரி இருக்கும் அந்தக் கைப்பிடிக்குள் ஒரு தகடு இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது விம்மும், சுருங்கும். இந்த விசித்திர குணம் சில படிகங்களுக்கு உண்டு. 1880-ல் பிரான்சில் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும் இதற்கு அஸ்திவாரம் போட்டார்கள். படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டார்கள். (ரேடியம் கண்டுபிடித்த மேரி கியூரியின் கணவர்தான் இந்த பியர்.)

முதல் உலகப் போரில், கடலுக்கடியில் வரும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிப்பதற்காக லாஞ்செவின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இந்த ஒலியைத் தண்ணீருக்குள் செலுத்திப் பார்த்தார். ஒலி போன வழியில் இருந்த மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீருக்குள் கையை விட்டால் கை வலித்தது. உயிருள்ள தசையை இந்த ஒலி ஏதோ செய்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. 1930-களின் கடைசியில் ஜெர்மனியில் அதையே அளவாகக் கொடுத்து வைத்தியத்துக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

ஆகவே, உடம்புக்குள் போவது கரண்ட் இல்லை. கரண்ட் தகட்டோடு நின்றுவிடுகிறது. உள்ளே போவது அதிர்வு மட்டுமே. ஸ்கேன் மெஷினும் இதே ஜாதி ஒலியைத்தான் அனுப்புகிறது. ஆனால் மிகக் குறைந்த சக்தியில் அனுப்பிவிட்டு, எதிரொலிக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கும். எதிரொலியை வைத்துப் படம் போடும். சிகிச்சை மெஷினோ கொடுக்கும், கேட்காது. அதனால்தான் டீச்சர் அம்மாவுக்கு ரிப்போர்ட் வரவில்லை!

இந்த ஒலியின் உண்மையான சிறப்பு அது சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தில் இருக்கிறது. வெந்நீர்ப் பை வைத்தால் தோலும் அதற்கு அடுத்த கொஞ்சம் சதையும் சூடாகும். மூட்டின் உள்ளே அந்தச் சூடு அவ்வளவாகப் போகாது. அல்ட்ராசவுண்ட் அப்படியில்லை. தோலையும் கொழுப்பையும் அதிகம் சூடேற்றாமல் தாண்டிப் போகிறது. தசைநாண், இணைப்பு நார், மூட்டைச் சுற்றியிருக்கும் உறை என நார்ப்பொருள் நிறைந்த இடங்களில் நன்றாக உறிஞ்சப்படுகிறது. எலும்பு இன்னும் அதிகமாக உறிஞ்சும். 10 லட்சம் அதிர்வுள்ள ஒலி 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம் வரை போகும். 30 லட்சம் அதிர்வு என்றால் 1 முதல் 2 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். இடுப்பு, தோள் போன்ற ஆழமான இடத்துக்கு முதல் வகை. விரல், மணிக்கட்டு மாதிரி மேலாக இருக்கும் மூட்டுக்கு இரண்டாவது.

அந்தப் பசை மருந்தா? இல்லை. காற்று இந்த ஒலிக்குப் பரம எதிரி. தோலுக்கும் உருளைக்கும் நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தால்கூட ஒலி முழுக்கத் திரும்பிவிடும். காற்றை விரட்டுவதற்காகத்தான் ஜெல்.

"உங்க தைலத்தையே தடவி அந்த மெஷினை ஓட்டச் சொல்லலாமா டாக்டர்? ரெண்டு வைத்தியமும் ஒரே செலவில் முடிஞ்சிடுமே!" என்று கேட்ட புத்திசாலிகளும் உண்டு. வேண்டாம். கெட்டியான தைலமும் வெள்ளையாக இருக்கும் வலிநிவாரணி கிரீம்களும் ஒலியை வழியிலேயே மடக்கிவிடலாம். மெஷினுக்கு உரிய ஜெல்தான் சரி. தைலத்தை ராத்திரி வீட்டில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

வீக்கம் வடியுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய இடமும் இதுதான்.

டீச்சர் அம்மாவுக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். நாங்கள் 'அழல் கீல்வாயு' என்போம். ஆங்கில மருத்துவத்தில் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ். குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு உறை இறுகி, தொடைத் தசை மெலிந்து போயிருக்கும். இந்த நிலையில் அல்ட்ராசவுண்ட் கொடுத்தால் ரத்த ஓட்டம் கூடும், இறுகின நார் கொஞ்சம் தளரும், வலி சற்று மட்டுப்படும். தேய்ந்த குருத்தெலும்பு முளைக்காது. அப்படி முளைக்கும் என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

1986-ல் இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. ஞானப்பல் பிடுங்கியவர்களின் கன்ன வீக்கத்துக்கு அல்ட்ராசவுண்ட் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் குறைந்தது. ஆனால் சிலருக்கு மட்டும், அவர்களுக்குத் தெரியாமல், மெஷினை ஓடவிடாமல் வெறும் உருளையை வைத்துத் தேய்த்தார்கள். அவர்களுக்கும் குறைந்துவிட்டது! சிகிச்சை கிடைக்கிறது என்ற மன நிம்மதிக்கு அவ்வளவு பலம். எங்கள் தைலத்துக்கும் இந்த 'மெஷின் ஆஃப்' பரீட்சை வைத்தால் என்ன ஆகும் என்று நானே யோசித்ததுண்டு. எல்லா வைத்தியரும் யோசிக்க வேண்டிய விஷயம்தான் அது.

முழங்கால் தேய்மானத்துக்கு அல்ட்ராசவுண்ட் எவ்வளவு உதவுகிறது என்று 2010-ல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. கிடைத்தது ஐந்தே சிறு ஆராய்ச்சிகள், மொத்தம் 341 நோயாளிகள். வலி குறையலாம், நடமாட்டம் மேம்படலாம், ஆனால் ஆதாரம் பலமாக இல்லை என்று சொன்னார்கள். 2022-ல் இங்கிலாந்தின் 'நைஸ்' வழிகாட்டி இன்னும் கறாராகப் பேசியது. மூட்டுத் தேய்மானத்துக்கு அல்ட்ராசவுண்ட் சிகிச்சை தர வேண்டாம், பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டது.

அப்படியானால் டீச்சர் அம்மாவை நிறுத்தச் சொன்னேனா? சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். "அது முடிஞ்சதும் என்ன உடற்பயிற்சி பண்ணச் சொன்னாங்க?"

"சொன்னாங்க... ஏதோ காலை நீட்டி... நான்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துடுவேன்."

அங்கேதான் இருக்கிறது கோளாறு. சூட்டில் நார் தளர்ந்திருப்பது சில நிமிஷம்தான். அந்த நேரத்தில் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தால், பத்து நிமிஷம் படுத்திருந்ததற்கு ஒரு அர்த்தம் உண்டு. எழுந்து பஸ் பிடித்தால், வெந்நீரில் அரிசியை ஊறவைத்துவிட்டு உலை வைக்க மறந்த கதைதான். வீட்டிலேயே நொச்சி இலையோ, தவிடும் கல் உப்புமோ துணியில் கட்டி ஒற்றடம் கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்தாலும் போதும். இறுக்கமும் வலியும் ஓரளவு தணிந்துவிடும். காசு மிச்சம்.

அவருக்கு நான் சொல்லிக் கொடுத்த பயிற்சி சுலபமானது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு விட வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை. காலையும் மாலையும். தொடைத் தசை உரம் பெற்றால் மூட்டின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். எடையையும் கவனிக்கச் சொன்னேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

மேஜையில் படுத்திருக்கும்போது

உருளை ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. மெதுவாக, வட்டமாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் அந்த இடத்தில் சூடு குவிந்து எலும்பின் மேலுறையைச் சுட்டுவிடும். இதமான வெதுவெதுப்பு தெரிந்தால் சரி. 'எலும்புக்குள்ளே குடையுது' என்று தோன்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். வழக்கமாக ஒரு மூட்டுக்கு 5 முதல் 10 நிமிஷம்.

சர்க்கரை நோயில் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது. அவர்களுக்கு இது ஆபத்து. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புற்றுநோய் இருக்கும் இடம், கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருப்பவர்கள், கர்ப்பிணியின் வயிறும் இடுப்பும், வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனி, பேஸ்மேக்கர் இருக்கும் நெஞ்சுப் பகுதி... இங்கெல்லாம் வேண்டாம். சிமென்ட் வைத்துச் செயற்கை மூட்டு பொருத்தியவர்களும் அந்த மூட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

சூடான மூட்டில் சூடு வைக்காதீர்கள்

இனி சொல்லப்போவதுதான் நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு தப்பு செய்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர். முழங்கால் நன்றாக வீங்கி, தொட்டால் சுட்டது. 'வாதம்தானே' என்று நொச்சி ஒற்றடம் போடச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை அவர் வரவில்லை, அவர் மனைவிதான் வந்தார். "கால் பானை மாதிரி வீங்கிடுச்சு டாக்டர், ராத்திரி பூரா அவர் தூங்கலை" என்றார். பழுதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வாரம் ஆனது. அழல் மிகுந்து கொதிக்கிற மூட்டில் மேலும் அழலை ஏற்றக்கூடாது என்பது நான் படித்த பாடம்தான். அவசரத்தில் கையால் தொட்டும் மனதால் தொடவில்லை.

ஒற்றடத்துக்கு உள்ள இந்த விதி அல்ட்ராசவுண்டுக்கும் உண்டு. சிவந்து, வீங்கி, சுடுகிற மூட்டில் தொடர் ஒலியைக் கொடுத்தால் அழற்சி கூடத்தான் செய்யும். மூட்டின் உள்ளே வெப்பம் 33 டிகிரியிலிருந்து 36 டிகிரிக்கு ஏறினாலே, முடக்குவாத மூட்டில் சுரக்கும் ஒரு நொதி குருத்தெலும்பைப் பல மடங்கு வேகமாகத் தின்கிறது என்று 1974-லேயே காட்டிவிட்டார்கள். விட்டு விட்டுக் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு பங்கு நேரம் ஒலி, நாலு பங்கு ஓய்வு. அதில் சூடு சேராது. ஆனாலும் மூட்டு ஏன் கொதிக்கிறது என்று தெரியாமல் எந்த முறையும் வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். வயது 34, வங்கியில் வேலை. இரண்டு கை விரல்களிலும் வலி. நாலு மாதமாக இரண்டு மூன்று இடத்தில் மாற்றி மாற்றி அல்ட்ராசவுண்ட் வைத்திருக்கிறார். நடுவில் யாரோ கொடுத்த 'மூட்டுவலிப் பொடி' வேறு. (பெயர், தயாரிப்பு விவரம் இல்லாத பொடியைத் தின்னாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன. இதைச் சொல்ல வேண்டியது எங்கள் துறைக்காரர்கள்தான்.)

"காலையில் எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"எழுந்தா விரல் மடங்காது டாக்டர். பாப்பாவுக்குப் பின்னல் போட முடியலை. அவங்க அப்பாதான் போட்டு விடறார். ஒன்பது மணிக்கு மேலதான் விரல் கொஞ்சம் இளகும்."

விரல்கள் கையோடு சேரும் கணுக்களைத் தொட்டுப் பார்த்தேன். எலும்புப் புடைப்பு இல்லை. மெத்தென்ற, அமுங்குகிற வீக்கம். இரண்டு கையிலும் ஒரே மாதிரி. மோதிரம் கழட்ட முடியாமல் வெட்டி எடுத்ததாகச் சொன்னார்.

தேய்மானத்தில் காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அதுவும் கையின் சிறு மூட்டுகளில் இரண்டு பக்கமும் வந்தால், சந்தேகப்பட வேண்டியது முடக்குவாதத்தை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் மூட்டுச் சவ்வைத் தாக்கும் நோய் அது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதினேன். சந்தேகம் உறுதியானது. அன்றைக்கே மூட்டு நோய் நிபுணரிடம் அனுப்பினேன்.

"உங்ககிட்டயே மருந்து இல்லையா டாக்டர்?" என்று கொஞ்சம் வருத்தமாகக் கேட்டார். அதற்கு நான் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "என்கிட்ட வலிக்கு மருந்து இருக்கு. உங்க விரல் கோணாம இருக்கணும்னா அங்கே போகணும்."

முடக்குவாதத்தில் முதல் சில மாதங்கள் பொன்னானவை. நோயையே அடக்கும் மருந்தை அப்போது தொடங்கினால் எலும்பு அரிக்கப்படுவதைப் பெருமளவு தடுக்கலாம். இந்தப் பெண்ணுக்கு நாலு மாதம் மெஷினோடு போய்விட்டது. மெஷின் அவருக்கு நேரடியாகக் கெடுதல் செய்ததா, தெரியாது. ஆனால் 'ஏதோ வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது' என்ற திருப்தியைக் கொடுத்து, பார்க்க வேண்டியவரைப் பார்க்கவிடாமல் செய்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று ஒரே ஒரு மூட்டு வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலும் குளிரும் வந்தால் அது மூட்டுக்குள் சீழ் பிடித்த அறிகுறியாக இருக்கலாம். அதற்கு ஒற்றடமும் இல்லை, தைலமும் இல்லை, அல்ட்ராசவுண்டும் இல்லை. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வங்கிப் பெண்ணுக்கு வாரம் ஒரு முறை சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தொடங்கினார்கள். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. ஏழெட்டு மாதத்தில் கணு வீக்கம் வடிந்து, சூடு அடங்கியது. வலது கை நடுவிரல் மட்டும் முழுக்க மடங்கவில்லை. அது அந்த நாலு மாதத்தின் பாக்கி.

பிறகு ஒரு நாள் அவரே கேட்டார். "இப்போ அல்ட்ராசவுண்ட் வச்சுக்கலாமா டாக்டர்? விரல் கொஞ்சம் விறைப்பாவே இருக்கு."

"உங்க நிபுணரைக் கேட்டுட்டு, தாராளமா" என்றேன். மேடு பள்ளமான விரல் மூட்டுகளில் உருளை சரியாகப் பதியாது. அதனால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கையை அதற்குள் வைத்து, தோலைத் தொடாமல் உருளையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஓட்டுவார்கள். தண்ணீரே ஜெல் வேலையைச் செய்துவிடும். முடக்குவாதக் கைகளுக்கு இப்படித் தண்ணீருக்குள் கொடுத்ததில் பிடிமானம் சற்றுக் கூடியதாக 2002-ல் வந்த காக்ரேன் தொகுப்பில் இருக்கிறது. அதுவும் சிறிய ஆராய்ச்சிகளை வைத்துச் சொன்னதுதான்.

பத்து சிட்டிங் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் கையை எடுத்ததும், ஈரத்தோடேயே பத்து நிமிஷம் பஞ்சுப் பந்தைப் பிசைந்து பயிற்சி செய்தாராம். நடுவிரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. பாப்பாவின் பின்னலை மட்டும் இப்போது அவர்தான் போடுகிறார்.